முள்ளும் செதிலும்: நம் காட்டின் இரண்டு கவசக்காரர்கள்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். வரலாறு என்றதும் பரமேஸ்வரா, ஹங் துவா, போர்த்துக்கீசியர் கோட்டை என்றுதான் நமக்கு நினைவு வரும். அவர்களைப் பற்றிப் பல மலர்களில் பலரும் எழுதிவிட்டார்கள். ஆகவே இந்த முறை இரண்டு மிருகங்களின் வரலாற்றை எழுதலாம் என்று துணிந்தேன். சிரிக்க வேண்டாம். மிருகங்களுக்கும் வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் மலாக்காவுக்கும் ஓர் இடம் உண்டு. நம் வீட்டுப் பணப்பைக்கும் அதில் சம்பந்தம் உண்டு என்பதைக் கடைசியில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இந்த எண்ணம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் வகுப்பிலே, "முள்ளம்பன்றிக்கும் எறும்புத்தின்னிக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், முள்ளம்பன்றி ஆம்பள, எறும்புத்தின்னி அதோட பொம்பள!" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மாலையில் அவனுடைய தகப்பனாரைச் சந்தித்தபோது இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஏன் வாத்தியாரே, ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டும் ராத்திரியிலதான் வருது, ரெண்டும் பொந்துல கிடக்குது, ரெண்டும் மருந்துக்கு ஆகுது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உறுத்தியது. "ரெண்டும் மருந்துக்கு ஆகுது." ஆகுமா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பெயர் சொல்லும் கதை

நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குவோம். புக்கிட் என்றால் மலை, காத்தில் என்றால் கட்டில். மலாய் மொழியில் வழங்கும் காத்தில் என்ற சொல், நம் தமிழ்க் கட்டில்தான். கப்பலேறி வந்த வணிகர்களோடு சொற்களும் வந்தன. கடையை இன்றும் மலாயில் கெடை என்கிறார்கள். கப்பல் அங்கே காப்பால் ஆயிற்று.

நாம் சொல் கொடுத்தது போலவே மலாய் மொழியும் உலகத்துக்குச் சொல் கொடுத்திருக்கிறது. எறும்புத்தின்னியை இங்கே தெங்கிலிங் என்கிறார்கள். அதற்குப் பெங்குலிங் என்றும் ஒரு பெயர் இருந்தது. "உருண்டு கொள்வது" என்பது அதன் பொருள். அந்தப் பெங்குலிங்தான் ஐரோப்பியர் வாயில் பாங்கோலின் ஆகி, இன்று உலகம் முழுதும் வழங்குகிறது.

நம் தமிழிலே இதற்கு அழுங்கு என்று அழகான பழம்பெயர் உண்டு. விடாப்பிடியாக இருப்பவனை "அழுங்குப்பிடி பிடிக்கிறான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அழுங்கு சுருண்டுகொண்டால் யாராலும் பிரிக்க முடியாது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் சொன்ன சொல் அது.

முள்ளம்பன்றியை மலாயில் லண்டாக் என்பார்கள். பழந்தமிழில் எய் என்றும் முளவுமா என்றும் பெயர். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாத்திலே முளவுமா வருகிறது. மலைநாட்டு மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அருகிலேயே இதை வேட்டையாடி உண்டார்கள். எய் என்ற சொல்லைக் கவனியுங்கள். அம்பு எய்வதற்கும் அதே சொல்தான்.

போர்த்துக்கீசியரும் இதை "முள் பன்றி" என்றே தம் மொழியில் அழைத்தார்கள். தமிழனும் பன்றி என்றான், வெள்ளைக்காரனும் பன்றி என்றான். இரண்டு பேருமே தவறினார்கள்! இது பன்றி இனமே இல்லை. எலி, அணில் இவற்றின் சொந்தக்காரன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள் முள்ளெலி என்று ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். அது கையளவே உள்ள சின்னப் பிராணி. பெயரில் எலி இருந்தாலும் அது எலியும் அல்ல, முள்ளம்பன்றிக் குட்டியும் அல்ல. தென்னாட்டு வறண்ட நிலத்திலே புழு பூச்சி தின்று வாழ்வது. மலேசியக் காடுகளில் அது கிடையாது. ஆக, பெயரை நம்பி உறவு பேசக் கூடாது என்பது முதல் பாடம்.

உடம்பைப் பார்ப்போம்

மாணவர்களே, இந்தப் பகுதியை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பல். முள்ளம்பன்றி ஒரு கொறிக்கும் பிராணி. முன்னால் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உளி போன்ற பற்கள். அவை சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காட்டிலே கிடக்கும் எலும்பையும் மான் கொம்பையும் கூடக் கொறிக்கும். எறும்புத்தின்னிக்கோ பல்லே கிடையாது. ஒரு பல் கூட இல்லை! ஈரப்பிசினுள்ள நீண்ட நாக்கு மட்டுமே உண்டு. அந்த நாக்கின் வேர் வாயோடு முடியாமல், நெஞ்சுக்கூட்டின் அடி வரை போகிறது. புற்றைப் பறித்து, நாக்கை உள்ளே விட்டு, ஒட்டிக்கொண்ட எறும்பையும் கறையானையும் அப்படியே விழுங்கிவிடும். மெல்லுவதற்குப் பல் இல்லாததால், கோழியைப் போலச் சிறு கற்களை விழுங்கி வயிற்றுக்குள்ளேயே அரைத்துக்கொள்ளும்.

அடுத்தது தீனி. முள்ளம்பன்றி கிழங்கு, வேர், மரப்பட்டை, கீழே விழுந்த பழம் என்று தின்னும். நம் வீட்டு மரவள்ளிக்கும் செம்பனைக் கன்றுக்கும் அதனால் தொல்லை வருவது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. எறும்புத்தின்னிக்கு எறும்பும் கறையானும் தவிர வேறு எதுவும் வேண்டாம். பழைய ரப்பர்த் தோட்டக்காரர்களுக்குத் தெரியும், கறையான் ஏறினால் நல்ல பால் மரம் என்ன கதியாகும் என்று. அந்தக் கறையானை லட்சக்கணக்கில் தின்று தீர்ப்பது இந்தப் பிராணி. பெரட்டுக்கு வராத, சம்பளம் கேட்காத ஒரு தோட்டத் தொழிலாளி என்றே இதைச் சொல்லலாம்.

மூன்றாவது உறவு. முள்ளம்பன்றி எலிக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொன்னேன். எறும்புத்தின்னியை என்ன செய்வதென்று தெரியாமல் பழைய அறிஞர்கள் திண்டாடினார்கள். பல்லில்லாத காரணத்தால் தென்னமெரிக்காவின் எறும்புண்ணி, ஆர்மடில்லோ முதலிய பிராணிகளோடு சேர்த்து வைத்தார்கள். இக்காலத்து மரபணு ஆராய்ச்சி அதைப் பொய்யாக்கிவிட்டது. நாய், பூனை, புலி இவற்றின் கூட்டம்தான் இதற்கு நெருங்கிய உறவாம்! ஜெர்மனி நாட்டில் மெஸ்ஸல் என்ற இடத்தில் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய எறும்புத்தின்னியின் எலும்புகள் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. மனிதன் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் இது எறும்பு தின்ன ஆரம்பித்துவிட்டது. இன்று உலகில் இதில் எட்டு வகைகள் உண்டு. நான்கு ஆசியாவில், நான்கு ஆப்பிரிக்காவில். நம் நாட்டில் உள்ளது சுண்டா வகை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பது அதைவிடத் தடித்த வால் கொண்ட இந்திய வகை.

நான்காவது பிள்ளைப்பேறு. முள்ளம்பன்றி குடும்பஸ்தன். ஒரே வளையில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக வாழும். சுமார் மூன்றரை மாதத்தில் குட்டி போடும். ஒன்று முதல் மூன்று வரை போடும். பிறந்த குட்டியின் முள் மிருதுவாக இருந்து பிறகு இறுகும். தாய்க்கு நோகக் கூடாதல்லவா? எறும்புத்தின்னி தனிக்கட்டை. ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான். அந்தக் குட்டி தாயின் வால்மேல் ஏறி உட்கார்ந்து சவாரி போகும். ஆபத்து வந்தால் தாய் குட்டியை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டுகொள்ளும்.

இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும் ஓர் ஒற்றுமை உண்டு. அதை மறக்கவே கூடாது. முள்ளம்பன்றியின் முள்ளும் எறும்புத்தின்னியின் செதிலும் ஒரே பொருளால் ஆனவை. அதன் பெயர் கெரட்டின். உங்கள் விரல் நகமும் தலைமுடியும் அதே பொருள்தான். மாட்டுக் குளம்பும் ஆட்டுக் கொம்பும் அதே பொருள்தான். இதை இப்போதைக்கு மனத்தின் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எதிரி வந்தால்

முள்ளம்பன்றி முள்ளை அம்பு போல எறியும் என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறோம். இந்த நம்பிக்கை நம்முடையது மட்டும் அல்ல. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலே அப்படித்தான் எழுதி வைத்தார். அது உண்மை இல்லை. முதலில் அது காலால் தரையைத் தட்டும். வால் முட்களைக் கிலுகிலுவென்று ஆட்டி எச்சரிக்கும். அதற்கும் எதிரி போகவில்லை என்றால் திரும்பி நின்று பின்பக்கமாகவே பாயும். முள் எதிரியின் உடம்பில் தைத்துக் கழன்றுகொள்ளும்.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் 1954இல் வெளியிட்ட நூலில், வட இந்தியாவின் முக்தேசர் என்ற இடத்துப் பெண்புலியைப் பற்றி எழுதியிருக்கிறார். முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்தது. முன்னங்காலிலே ஐம்பது முள் அளவுக்குத் தைத்துப் புண்ணாகியது. மானைத் துரத்த முடியாமல் போன அந்தப் புலிதான் பிறகு மனிதரைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு முள்ளம்பன்றியின் முள், ஒரு மலைநாட்டு ஜனங்களின் தூக்கத்தையே கெடுத்துவிட்டது!

எறும்புத்தின்னி யாரையும் குத்தாது, கடிக்காது. கடிக்கப் பல் இருந்தால்தானே! ஆபத்து என்றால் தலையை வயிற்றுக்குள் மடக்கி, வாலால் சுற்றிப் பந்தாகிவிடும். கூரை ஓடு போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள் வெளியே நிற்கும். புலி புரட்டிப் பார்க்கும், கடித்துப் பார்க்கும், சலித்துப் போய்விடும்.

இந்தச் செதிலின் உறுதியைப் பார்த்து மனிதனும் ஆசைப்பட்டான். இந்தியாவிலே எறும்புத்தின்னிச் செதிலால் செய்து, பொன் பூச்சு வேலை செய்த ஒரு போர்ச்சட்டை, 1820ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாக அனுப்பப்பட்டது. இங்கிலாந்து அரச ஆயுதக் காட்சிசாலையில் அது இருக்கிறது.

ஆனால் தோழர்களே, யோசித்துப் பாருங்கள். முள்ளம்பன்றியை வெறுங்கையால் தூக்க உங்களுக்குத் தைரியம் வருமா? வராது. எறும்புத்தின்னியையோ, சுருண்டுவிட்டால் ஒரு சின்னப் பையன் கூடத் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடலாம். புலியிடமிருந்து காப்பாற்றிய அதே வித்தைதான் மனிதனிடம் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஓடியிருந்தால் பிழைத்திருக்கும். சுருண்டுகொள்வதால் பிடிபடுகிறது.

மலாக்காக் கல்

இனி நம் ஊர் வரலாற்றுக்கு வருவோம். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். கிராம்பு, சாதிக்காய், சந்தனம் இவற்றுக்காக வந்தார்கள் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அதோடு இன்னொரு பொருளும் இந்தத் துறைமுகத்தில் கைமாறியது. அதுதான் முள்ளம்பன்றியின் வயிற்றுக்குள் அபூர்வமாக உருவாகும் ஒரு கட்டி. தின்ற நார், செரிக்காத சத்தைகள் எல்லாம் சேர்ந்து இறுகி உருண்டையாகிவிடும். மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுக்கும் கோரோசனையை நம் நாட்டு வைத்தியத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அந்த ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் இதைக் கெலிகா லண்டாக் என்பார்கள்.

ஐரோப்பியர் இதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பன்றிக் கல் என்பது ஒன்று. இன்னொன்று மலாக்காக் கல்! ஆம், நம் ஊரின் பெயரையே வைத்தார்கள். விஷத்தை முறிக்கும், காய்ச்சலைத் தீர்க்கும் என்று நம்பிப் பிரபுக்களும் மன்னர்களும் பொன்னைவிட அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். தங்கக் கம்பியால் பின்னிய கூட்டுக்குள் அதை வைத்து, சங்கிலி கோத்து, குடிக்கும் திராட்சை ரசத்தில் முக்கி எடுப்பார்கள். ரசம் கசந்தால் மருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கல்லுக்குக் கிராக்கி ஏறினால் போலி வராமல் இருக்குமா? 17ஆம் நூற்றாண்டில் கோவாவில் இருந்த பாதிரிமார்கள், பல பொருள்களை அரைத்து உருட்டிப் பொன் முலாம் பூசிக் கோவாக் கல் என்றே செய்து விற்றார்கள். அதற்கும் நல்ல விலை. ஆக, இந்தக் கல்லிலே போலி என்பது நேற்று முளைத்த சங்கதி அல்ல. அதற்கும் முந்நூறு ஆண்டுக்கு மேல் வயசாகிறது.

உண்மைக் கல்லாவது வேலை செய்ததா? இதற்கும் வரலாற்றிலே பதில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸிடம் இப்படி ஒரு வயிற்றுக்கல் இருந்தது. அது ஆட்டின் வயிற்றுக் கல். எல்லா விஷத்தையும் முறிக்கும் என்று மன்னர் பெருமைப்பட்டார். அரசவை அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே நம்பவில்லை. வெள்ளித் தட்டுத் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஒரு சமையற்காரனிடம், "விஷமும் தருகிறோம், இந்தக் கல்லும் தருகிறோம். பிழைத்தால் உனக்கு விடுதலை" என்றார்கள். தூக்குக்கு இது மேல் என்று அவனும் சம்மதித்தான். கல்லைக் கொடுத்தும் பயனில்லை. சில மணி நேரம் துடிதுடித்து அந்த மனிதன் இறந்துபோனான். மன்னர் அந்தக் கல்லை நெருப்பில் போடச் சொல்லிவிட்டார்.

ஓர் ஏழைச் சமையற்காரன் உயிரைக் கொடுத்து உலகத்துக்குச் சொன்ன பாடம் இது. நாம் அதைப் படித்தோமா?

எங்கள் வீட்டுக் கதை

படிக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. என் தகப்பனாருக்குச் சீனிநோய். காலிலே புண் ஆறாமல் இருந்தது. மருத்துவமனைக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தச் சமயத்தில் எங்கள் லயத்துக்கு ஒரு மனிதர் வந்தார். பட்டுத்துணியில் சுற்றிய ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். "லண்டாக் கல்லுங்க. தேய்ச்சுத் தண்ணியில குடுங்க. மூணே வாரத்துல ஆறிடும்" என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்து அந்தக் கல்லை வாங்கினார். அப்பா மூன்று வாரம் குடித்தார். தண்ணீர் கசந்தது என்னவோ உண்மை. புண் ஆறவில்லை, மேலே ஏறியது. கடைசியில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "மூணு வாரம் முன்னாடியே ஏன் வரலை?" விரலோடு போயிருக்க வேண்டியது முழங்கால் வரை போயிற்று.

பிறகு ஒருநாள் அந்தக் கல்லின் மிச்சத்தை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். கரைந்து கலங்கி, ஏதோ மரத்தூளும் பிசினுமாக அடியில் படிந்தது. அதைப் பார்த்த அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தத் தோடும் மீளவில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? அந்த மனிதரைத் திட்டுவதற்காக அல்ல. அவர் போய்விட்டார். ஆனால் வேறு பெயரிலே, வேறு துணியிலே சுற்றிய கல்லோடு இன்னொருவர் வருவார். புற்றுநோய்க்கு என்பார், டிங்கிக் காய்ச்சலுக்கு என்பார், சீனிநோய்க்கு என்பார். போலிக் கல்லானாலும் மோசம், நிசக் கல்லானாலும் நோயை அது தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. கல்லுக்காகக் காத்திருக்கும் மூன்று வாரம்தான் ஆளைக் கொல்கிறது.

செதிலின் கணக்கு

முள்ளம்பன்றிக்குக் கல் என்றால், எறும்புத்தின்னிக்குச் செதில். பிள்ளைக்குப் பயம் தெளிய இடுப்பிலே கட்டுவது, மோதிரம் செய்து போடுவது என்று நம்மவர்களிடமும் பழக்கம் இருந்தது. சீன வைத்தியத்தில் செதிலை வறுத்துப் பொடித்துத் தாய்ப்பால் சுரக்கவும் வீக்கம் வடியவும் கொடுத்தார்கள். இறைச்சியை விருந்திலே பரிமாறுவது அந்தஸ்து என்றும் சில ஊர்களில் ஆயிற்று.

இப்போது அந்த மூலையில் வைத்த விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செதில் என்பது கெரட்டின். நகமும் அதேதான். நகத்தை வெட்டி வறுத்துத் தின்றால் எந்த நோய் தீரும்? எதுவும் தீராது. செதிலும் அப்படித்தான்.

ஆனால் இந்த ஒன்றுமில்லாததற்காக நடந்த அழிவின் கணக்கைக் கேளுங்கள். சபாவிலே ஒரு கடத்தல் கும்பலின் கணக்குப் புத்தகங்கள் அதிகாரிகளிடம் சிக்கின. 2007 மே முதல் 2009 ஜனவரி வரையிலான காலத்தில் அந்த ஒரு கும்பல் மட்டும் 22,000க்கும் மேற்பட்ட எறும்புத்தின்னிகளை வாங்கியிருந்தது. 2019 பிப்ரவரியில் அதே சபாவில் ஏறக்குறைய 30 டன் எறும்புத்தின்னிப் பொருள்கள் பிடிபட்டன. உறைய வைத்த உடல்கள் மட்டும் 1,800 பெட்டிகள். கூண்டிலே 61 உயிருடன் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரே மாதத்தில் 25 டன்னுக்கு மேல் செதில் பிடிபட்டது. அவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. ஆசியாவில் கிடைப்பது குறையவே அங்கே கை வைத்துவிட்டார்கள்.

2014ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் நம் நாட்டு எறும்புத்தின்னியை, அழிவின் விளிம்பில் உள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. 2016இல் தென்னாப்பிரிக்காவின் ஜொகனஸ்பர்க் நகரில் கூடிய சைட்டீஸ் மாநாட்டில், எட்டு வகைகளையும் நாடு விட்டு நாடு விற்கக் கூடாது என்று உலக நாடுகள் முடிவு செய்தன. 2020இல் சீன அரசாங்கமே தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து செதிலை எடுத்துவிட்டது. மருந்து என்று சொன்னவர்களே பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு, நமக்கு எதற்கு அந்த வேலை?

முள்ளம்பன்றியைப் பண்ணையில் வளர்க்க முடியும். நம் நாட்டில் உரிமம் பெற்று வளர்த்தவர்களும் உண்டு. எறும்புத்தின்னியை அப்படி வளர்க்க முடியாது. கூண்டில் அடைத்தால் தீனி எடுக்காமல், மனம் உடைந்து செத்துப்போகும். பிழைத்தாலும் ஒரு தடவைக்கு ஒரே குட்டி. ஆக, முள்ளம்பன்றி பத்து போனால் ஐந்து திரும்பி வரலாம். எறும்புத்தின்னி போனால் போனதுதான். இந்த வேறுபாடுதான் எல்லா வேறுபாட்டிலும் முக்கியமானது.

நாம் என்ன செய்யலாம்?

தோட்டத் தோழர்களே, எறும்புத்தின்னி பெருங்காட்டிலே மட்டும் இருப்பதல்ல. ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் அது வாழும். கடத்தல்காரன் உங்களைத் தேடி வருவதும் அதனால்தான். காட்டுக்குள் புகுந்து தேட அவனுக்குக் கஷ்டம். தினமும் நிரையிலே நடக்கும் உங்கள் கண்ணில்தான் அது படும். "ஒண்ணு புடிச்சுக் குடுண்ணே, ஒரு மாசச் சம்பளம் தாரேன்" என்பான். பிடிபடும்போது அவன் இருக்க மாட்டான். சாக்கு உங்கள் கையில் இருக்கும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எறும்புத்தின்னி முழுப் பாதுகாப்புப் பெற்ற பிராணி. பிடித்தாலும் வைத்திருந்தாலும் விற்றாலும் பெரும் அபராதமும் சிறையும் உண்டு. முள்ளம்பன்றிக்கும் சட்டம் உண்டு. உரிமம் இல்லாமல் வேட்டையாடக் கூடாது. கன்றைக் கடிக்கிறது என்றால் கம்பிச் சுருக்கு வைக்காமல், கன்றைச் சுற்றி வலை கட்டுங்கள். சுருக்குக்கு எது என்ன என்று தெரியாது. முள்ளம்பன்றிக்கு வைத்த சுருக்கிலே எறும்புத்தின்னியும் மாட்டும், நம் வீட்டு நாயும் மாட்டும்.

வீட்டுப் பக்கம் எறும்புத்தின்னி வந்துவிட்டால் அடிக்க வேண்டாம். அது உங்களை ஒன்றும் செய்யாது. பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரே வேண்டுகோள். கல்லுக்கும் செதிலுக்கும் கொடுக்கும் வெள்ளியை, காலத்தோடு டாக்டரிடம் போகும் பஸ் கட்டணமாகக் கொடுங்கள். என் தாயார் கொடுத்த விலையை இன்னொரு தாய் கொடுக்கக் கூடாது.

மாணவச் செல்வங்களே, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்து மூன்றாம் சனிக்கிழமையை உலக எறும்புத்தின்னி நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2012 முதல் இது நடந்து வருகிறது. அடுத்த பிப்ரவரியில் நம் பள்ளிச் சபைகூடலில் உங்களில் ஒருவர் எழுந்து இதைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் என் சொந்தப் பணத்தில் ஒரு புத்தகம் பரிசு தருகிறேன்.

கடைசி வரிசைப் பையனைக் கேட்டீர்களே? அவனிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். "சார், முள்ளம்பன்றிக்குப் பல்லு இருக்கு, எறும்புத்தின்னிக்கு இல்ல. முள்ளம்பன்றி குத்தும், எறும்புத்தின்னி சுருண்டுக்கும். ரெண்டும் மருந்துக்கு ஆகாது" என்றான். பிறகு சற்று நின்று, "அப்பாகிட்டயும் சொல்லிட்டேன் சார்" என்றான்.

இந்த ஆண்டு அவனுக்கு எந்தப் பாடத்திலும் பரிசு இல்லை. ஆனாலும் இந்தக் கட்டுரையை அவனுக்கே காணிக்கையாக்குகிறேன்.